விமான நாற்காலியும் இருபத்துமூன்று ஓட்டைகளும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் முதன்முதலாக விமானம் செய்யத் தொடங்கிய காலத்தில், அந்தக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எதிரிகள் குண்டு போட்டும் செய்ய முடியாததை நான் செஞ்சிக் கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு ஒரு சுத்தியலால் செய்து காட்டினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. (தெரியாதவர்கள் அநேகமாக வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.) இன்றைக்குச் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ‘அந்தோணிசாமி பட்டறை எங்கே’ என்று கேட்டால், கேட்ட ஆளே கூட்டிக்கொண்டு வந்து விடுவான். டிரங்குப் பெட்டி, பக்கெட், எண்ணெய் டிரம், தண்ணீர்த் தொட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் தகடு என்று ஒன்று வளைந்திருந்தால் அது என் பட்டறையில் வளைந்ததுதான். என் நைனா சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத கூலியாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு வருஷம் படித்ததால் ஆறாம் வகுப்பு என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. மற்றதெல்லாம் இந்தக் கை கற்றுக்கொண்டது.

கை முதலில் கற்றுக்கொண்டது ஓட்டை அடைக்க. பதினாறு வயதில் ஒரு துருத்தி, ஒரு கரிச்சட்டி, பற்றவைக்கும் இரும்பு, கொஞ்சம் ஈயம், இவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். தொண்டூரில் ஒரு நாள், மேல்சித்தாமூரில் இரண்டு நாள், அமாவாசை என்றால் மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் ஒரு புளியமரத்தடி. அந்தக் காலத்தில் பாத்திரம் அடைக்கக் கொடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கே ஒழுகுகிறதோ அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுத்தான் தருவார்கள். நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர்களும் நின்று விளக்க வேண்டியதில்லை. அண்டாவை வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போய்விடுவார்கள். வட்டத்தைக் கண்டால் அடை. இதுதான் என் தொழில், இதுதான் என் வேதம். பத்து வருஷம் வட்டங்களை அடைத்த கை, வட்டத்தைக் கண்டால் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடும்.

அப்படிச் சம்பாதித்துக் கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு கூரைக் கடை போட்டேன். லூர்தம்மாளைக் கட்டிக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருக்கும்போது யுத்தம் வந்தது.

யுத்தத்தைப் பற்றிப் பெரிய மனிதர்கள் பெரிதாக எழுதியிருப்பார்கள். எனக்கு யுத்தம் என்றால் தகரம் கிடைக்காது என்று அர்த்தம். ஈயமும் இல்லை. மண்ணெண்ணெய் டின் ஒன்று காலியானால் அதைக் கேட்டு நாலு பேர் நிற்பார்கள். பெட்ரோல் இல்லாமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ், நம்முடைய கோபுரங்களைக் காட்டிலும் உயரமாகப் புகை விட்டுக்கொண்டு வரும். தலைக்கு மேலே எப்போதாவது விமானம் போனால் கடைத்தெருவே வெளியே ஓடி வந்து அண்ணாந்து நிற்கும். நான் மட்டும் கடைக்குள்ளேயே இருப்பேன். ‘என் தகரமெல்லாம் மேலே போகுது’ என்று வயிறு எரியும். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கார் என் கடை வாசலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே பட்டணத்துச் சர்க்கார் அதிகாரி ஒருவர். யுத்தச் சாமான்கள் வாங்கும் இலாகா. ரேடியேட்டர் ஒழுகுகிறது. டிரைவர் கையைப் பிசைகிறான். நான் கழற்றி, அடைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டியபோது அதிகாரி இன்னும் இளநீரைக் குடித்து முடிக்கவில்லை. (மெதுவாகத்தான் குடித்தார். ஆனாலும்.)

“உன் பேர் என்னப்பா?”

“அந்தோணிசாமிங்க.”

“நம்ம நாட்டிலேயே விமானம் செய்யப் போறாங்க தெரியுமா? மைசூர் சீமையில ஒரு கம்பெனி. சர்க்காரும் அதுல கூட்டு. எல்லாத்தையும் ஒரே கொட்டகைக்குள்ள செஞ்சு மாளாது. சின்னச் சின்னச் சாமானை உன்ன மாதிரி பட்டறைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்னு ஒரு திட்டம். எழுதிக்கட்டுமா உன் பேரை?”

எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு முன்பே எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. கார் போனதும் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ராத்திரிக்குள் செய்தி வளர்ந்து, நானே தனியாக ஒரு விமானம் செய்து கோட்டைக்கு மேலே விடப் போவதாக ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கரி பஸ்ஸின் கூரையில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு அலுமினிய நாற்காலி. கால் கிடையாது, முதுகும் அடியும் சேர்ந்து ஒரு பெரிய முறம் மாதிரி. விமானம் ஓட்டுகிறவர் உட்காரும் இருக்கை. கூடவே ஒரு கட்டு அலுமினியத் தகடு, ஒரு நீலநிறக் காகிதத்தில் வெள்ளைக் கோடு போட்ட படம், ஒரு இங்கிலீஷ் கடிதம்.

கடிதத்தை எங்கள் மாதா கோயில் சாமியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“மாதிரி ஒண்ணு அனுப்பியிருக்காங்க, அந்தோணி. அதே மாதிரி ஆறு செய்யணும். ஒரு மாசத்துல ஆள் வந்து பார்ப்பாங்க. பாஸ் ஆச்சுன்னா மாசா மாசம் உனக்கு வேலையும் தகடும் வரும். இல்லன்னா, இத்தோட சரி.”

“வேற இன்னா சாமி போட்டிருக்குது?”

“‘மாதிரிக்கும் உருப்படிக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இருக்கக் கூடாது’ன்னு ரெண்டு தடவை போட்டிருக்கு. அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து நாற்காலியை வெளிச்சத்தில் நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். முதுகில் பதினான்கு, அடியில் ஒன்பது. மொத்தம் இருபத்துமூன்று ஓட்டைகள்!

அதற்குள் கடை முன்னால் கூட்டம். எதிரே பீடிக்கடை வைத்திருந்த முனுசாமி முந்தின யுத்தத்தில் மெசபடோமியாவுக்குப் போய்க் கோவேறு கழுதை ஓட்டியவர். ஊரில் யுத்தத்தைப் பற்றி அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் குனிந்து ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றார்.

“மெஷின் கன்னுப்பா.”

“இன்னாண்ணே சொல்றீங்க?”

“ஜப்பான்காரன் சுட்டிருக்கான். கீழ இருந்து விட்டிருக்கான். பாரு, அடியில பூந்து முதுகுல வந்திருக்குது. பாவம், எவன் பெத்த புள்ளையோ.”

கூட்டத்தில் ஒரு அம்மாள் சத்தமாகவே அழுதுவிட்டாள். நான் நீலக் காகிதத்தை விரித்தேன். அதிலும் அதே இடங்களில் அச்சடித்தாற்போல் இருபத்துமூன்று வட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படித்தவர்கள் இல்லையா, சுண்ணாம்புக்குப் பதிலாகக் காகிதத்தில் வட்டம் போட்டு, எந்த அளவுக்கு ஒட்டுப் போட வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! மேல்சித்தாமூர் அம்மாக்கள்கூட இவ்வளவு சுத்தமாகக் குறித்துக் கொடுத்ததில்லை. கம்பெனி மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

லூர்தம்மாள் மட்டும் கூட்டம் கலைகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, நாற்காலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓட்டை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“இன்னாங்க, குண்டு பட்டா ஓரமெல்லாம் பிஞ்சி இல்ல இருக்கும்? இது வழவழன்னு வெளியே மடிச்சி வுட்டாப்ல இருக்குது.”

“சூட்டுல உருகியிருக்கும்.”

“எல்லாம் ஒரே அளவா இருக்குதே. வரிசை தப்பாம. ஜப்பான்காரன் கயிறு புடிச்சி சுட்டானா?”

“அவனுங்க அப்படித்தான். எல்லாத்துலயும் ஒழுங்கு.”

“ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுடுங்களேன்.”

“லூர்து, நீ அடுப்பைப் பாரு. யுத்தத்தைப் பத்திப் பொம்பளைக்கு இன்னா தெரியும்?”

(இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். மறுக்கவில்லை. மறுத்தாலும் விடமாட்டார்கள், என் மகள்களுக்கு இது மனப்பாடம்.)

அந்த ஒரு மாதம் நான் வேலை செய்த மாதிரி என் ஆயுளில் வேலை செய்ததில்லை. அலுமினியம் ஈயத்தில் பற்றாது. நாலு நாள் போராடிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ரிவிட் ஆணி வைத்து அறைந்தேன். முதலில் மாதிரியை எடுத்துக்கொண்டேன். ஓட்டைகளின் ஓரத்தில் மடிந்திருந்த விளிம்பையெல்லாம் தட்டிச் சமமாக்கி, படத்தில் இருந்த அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வட்டம் வெட்டி, வட்டத்துக்கு எட்டு ஆணி வீதம் அடித்து, அரம் போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்தேன். தடவிப் பார்த்தால் ஒட்டு இருக்கும் இடமே கைக்குத் தெரியாது. பிறகு புதிய ஆறையும் ஓட்டை இல்லாமல் முழுத் தகட்டில் செய்தேன். புது நாற்காலியில் எவனாவது ஜப்பான்காரன் சுட்ட ஓட்டையைப் போட்டுக் கொடுப்பானா?

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். எனக்கு அந்தச் செத்துப்போன விமானியை மறக்க முடியவில்லை. கீழேயிருந்து குண்டு வந்திருக்கிறது. அடியில் இருப்பது வெறும் அலுமினியம். அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. எவனோ கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான் என்று நினைத்தேன். பழைய மாட்டுவண்டிச் சக்கரங்களின் இரும்புப் பட்டைகள் பின்னால் கிடந்தன. தகரம் கிடைக்காத காலத்தில் அவை எனக்குத் தங்கம். அவற்றை எடுத்து, தட்டி நேராக்கி, ஆறு நாற்காலிக்கும் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடுத்தேன். ‘மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது’ என்று கடிதம் சொல்லியிருக்கிறதே! ஆகையால் மாதிரிக்கும் அதே போலக் கொடுத்தேன். இப்போது ஏழும் ஏழு உடன்பிறப்பு.

குறித்த நாளில் கார் வந்தது. முன்னால் நம்முடைய சர்க்கார் அதிகாரி, கையில் ஒரு ஃபைல், ஒரு ரப்பர் முத்திரை. பின்னால் கம்பெனி இன்ஜினீயர், மெலிந்த சின்ன வயசுக்காரர், கையில் கொக்கியும் முள்ளும் வைத்த ஒரு தூக்குத் தராசு. தராசைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. எங்கள் தொழிலில் எடைதான் நாணயம். அண்டா வாங்க வருகிறவன் முதலில் தூக்கித்தான் பார்ப்பான். கை தாழ்ந்தால் முகம் மலரும்.

அதிகாரி நாற்காலிகளை எண்ணினார். “ஆறு. மாதிரி ஒண்ணு. ஏழு. சரி.” ஒவ்வொன்றாக மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முழக்கோலால் அளந்தார். “அடடா, அச்சுல வார்த்த மாதிரி இருக்கே. ஒரு வித்தியாசம் இல்லையே.”

இன்ஜினீயர் மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் குழந்தையைத் திருவிழாவில் விட்டுவிட்டு வேறு குழந்தையைக் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தது முகம்.

“மேஸ்திரி, இது நான் அனுப்பினதா?”

“அதேதாங்க.”

“இதுல ஓட்டை இருந்துச்சே?”

“இருந்துச்சிங்க, இருபத்திமூணு. எல்லாத்தையும் அடைச்சிட்டேன். தண்ணி ஊத்திப் பாருங்க, ஒரு சொட்டு எறங்கினா என் பேரை மாத்திக்கறேன்.”

அவர் மெதுவாக நாற்காலியைத் தராசில் மாட்டித் தூக்கினார். முள் கடைசி வரைக்கும் ஓடி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. கூட்டத்தில் எல்லோரும் ‘ஆகா’ என்றார்கள். முனுசாமி கையே தட்டினார். “வெயிட்டுன்னா இது வெயிட்டு!”

இன்ஜினீயர் தராசைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் சாமியார் வந்தார். அங்கியைச் சரி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் இன்ஜினீயரிடம் சொன்னார்:

“உங்களைப் பார்த்து எங்க எல்லாருடைய வருத்தத்தையும் சொல்லத்தான் வந்தேன். மூணு வாரமா பூசையில அவரை வேண்டிக்கிட்டு வர்றோம். பேர் மட்டும் தெரியல. சொன்னீங்கன்னா பேரைச் சொல்லியே வேண்டலாம்.”

“யார் பேரு?”

“இந்த நாற்காலியில உயிரை விட்டாரே, அந்தப் பைலட்.”

இன்ஜினீயர் சாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒட்டுப் போட்ட வட்டங்களைப் பார்த்தார். விஷயம் அவருக்கு ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் முகத்தில் பார்த்தேன்.

“சாமி, இதுல யாரும் உட்கார்ந்ததே இல்ல. யாரும் சுடவும் இல்ல. அந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது. கனத்தைக் குறைக்க. ஒவ்வொரு ஓட்டைக்கும் கணக்குப் போட்டு, எவ்வளவு எடுத்தா உடையாதுன்னு பார்த்துப் பார்த்து, எட்டு மாசம்.”

முனுசாமிக்குத் திடீரென்று பீடிக்கடை ஞாபகம் வந்துவிட்டது. சாமியார், “அப்போ யாரும் சாகலையா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு, சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

நான் அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

“ஏங்க, இத்தனூண்டு தகடு. நாலு பிடி இரும்பு. இதுல இன்னா ஆயிடப் போவுது? அம்மாம் பெரிய ஏரோப்ளேன் இதைத் தூக்காதா?”

இன்ஜினீயருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. திரும்பி, எங்கள் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்த ராஜகிரியைப் பார்த்தார்.

“மேஸ்திரி, அந்த மலை உச்சிக்குப் போக வழி இருக்கா?”

“இருக்குதுங்க. படி இருக்குது.”

“ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வாங்க. நானும் வர்றேன்.”

மதியம் மூன்று மணி. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். கோட்டை வாசல் வரைக்கும் கடைத்தெருவே பின்னால் வந்தது. அங்கே நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தது. முதல் நூறு படி வீராப்பில் ஏறினேன். அந்த வயசில் எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு மேல் கழுத்து இறங்க ஆரம்பித்தது. தலையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து இடுப்புக்கு என்று மாற்றிக்கொண்டே போனேன். வெயிலில் காய்ந்த பாறை செருப்பில்லாத காலைச் சுட்டது. பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்த குரங்குகள், இவன் ஏன் வீட்டுச் சாமானோடு வருகிறான் என்று பார்த்தன. இன்ஜினீயர் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்காகக் காத்திருந்தார்.

பாதிக்கு மேல் ஒரு நிழலில் நாற்காலியைப் போட்டு அதன் மேலேயே விழுந்தேன். நாக்கு வெளியே வந்துவிட்டது.

“என்ன மேஸ்திரி, நாலு பிடி இரும்புதானே?”

அவரும் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார். கீழே எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஏரி, நெல் வயல், பெருமாள் கோயில் கோபுரம், கரி பஸ்ஸின் புகை, என் கூரைக் கடை.

“நீங்க இதைப் பாதி மலை தூக்கினீங்க. விமானம் இந்த மாதிரி பத்து மலை உயரம் தூக்கணும். உங்களுக்கு உட்கார நிழல் கிடைச்சுது. மேல போனா அதுக்கு நிழல் கிடையாது. நீங்க ஏத்துற ஒவ்வொரு பிடிக்கும் அந்த அளவு பெட்ரோலை நான் இறக்கணும். பெட்ரோல் தீர்ந்தா அந்தப் பையன் எங்க இறங்குவான்?”

நான் நாற்காலியைத் தடவினேன். என் ஒட்டு ஒவ்வொன்றும் வழவழவென்று அழகாக இருந்தது. செத்துப்போகாத ஒரு விமானிக்காக அழுதுவிட்டு, இனிமேல் உட்காரப் போகிறவனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

“ஒட்டைப் பிரிச்சி மறுபடி ஓட்டை போட்டுடறேங்க.”

“ஆகாது மேஸ்திரி. ஓரத்துல மடிப்பு இருந்துச்சு பாருங்க, அதுதான் பலம். அதை நீங்க தட்டிட்டீங்க. சுத்தி ஆணியும் அடிச்சிட்டீங்க. ஏழும் போச்சு.”

இறங்கும்போது நாற்காலியை அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கீழே வந்தால் அங்கே வேறு கூத்து. அதிகாரி மர நிழலில் உட்கார்ந்து ஃபைலை முடித்துவிட்டார். ஆறு தாளிலும் முத்திரை பதித்தாகிவிட்டது.

“பாஸ்!” என்றார் சிரித்த முகத்தோடு.

இன்ஜினீயர் துள்ளினார். “சார், இது ஒண்ணுக்கும் உதவாது.”

“ஏன் உதவாது? ரூல் என்ன? உருப்படி மாதிரியைப் போல இருக்கணும். இருக்கு. மயிரிழை வித்தியாசம் இல்ல. நீங்களே எழுதின கண்டிஷன்.”

“மாதிரியையே மாத்திட்டாரே சார்!”

“மாதிரியை மாத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கீங்க? காட்டுங்க.”

காட்ட முடியவில்லை. சர்க்காரும் கம்பெனியும் கூட்டு என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் தராசைத் தூக்கிக் காட்டுகிறார், மற்றவர் முத்திரையைத் தூக்கிக் காட்டுகிறார். கால்மணி நேரம் வாக்குவாதம். “போட்ட முத்திரையை எடுக்கணும்னா பட்டறைக்காரனே எழுதிக் கொடுக்கணும், இல்லன்னா எனக்குத் தலைவலி” என்று அதிகாரி முடித்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லூர்தம்மாளைப் பார்த்தேன். அவள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாஸ் என்ற தாள் கையில் இருக்கிறது. மாசா மாசம் தகடு வரும், வேலை வரும், கடை பிழைக்கும். வேண்டாம் என்றால் நாளைக்கு அரிசி மில்.

என் கழுத்து அப்போது ஒரு பக்கம் திரும்பவே மறுத்தது. அதுதான் முடிவு செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“ஐயா, என்னை ஃபெயில் பண்ணிடுங்க.”

“யோசிச்சுச் சொல்லுப்பா.”

“யோசிக்கறதுக்கு இன்னாங்க இருக்குது? இதுல உட்கார்ந்தவன் கீழதான் வருவான். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

போட்டேன். பெயர் முழுவதும் எழுதத் தெரியும், மெதுவாக. அவ்வளவு நேரம் ஒரு கையெழுத்துக்கு யாரும் காத்திருந்ததில்லை. கூட்டம் கலைந்தது. ஏழு நாற்காலிகளையும் அங்கேயே விட்டார்கள். யாரும் காரில் ஏற்ற முன்வரவில்லை. லூர்தம்மாள் மோர் கொண்டுவந்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காரில் ஏறப்போன இன்ஜினீயர் திரும்பி வந்து, ஒரு ஒட்டை நகத்தால் நெம்பிப் பார்த்தார். நகம்தான் போயிற்று.

“இவ்வளவு சுத்தமா அடைக்கிற கைக்கு, சுத்தமா வெட்டவும் வரும். கம்பெனிக்கு வந்துடறீங்களா? உங்க வேலை ஓட்டை போடறது மட்டும்தான். வேற எதையும் தொடக் கூடாது.”

“குடும்பத்தோட வரலாங்களா?”

“அவங்களை அவசியம் கூட்டிட்டு வாங்க” என்றார். மோர் கொடுக்கும்போது லூர்தம்மாள் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று இன்று வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. ஓட்டையின் ஓர மடிப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கடையைச் சாத்தினேன். யுத்தம் முடிகிற வரைக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஓட்டை போட்டேன். காலையில் சங்கு ஊதினால் ஓட்டை, சாயங்காலம் சங்கு ஊதுகிற வரைக்கும் ஓட்டை. இருக்கையில், இறக்கையின் விலாச் சட்டத்தில், கதவில். நல்ல குளிர் ஊர். தகரக் கொட்டகையில் மழை பெய்தால் நூறு பேர் ஒரே நேரத்தில் சுத்தி அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். நாங்கள் செய்து அனுப்பிய முதல் விமானம் ஓட்டமாக ஓடி மண்ணை விட்டு எழும்பிய காலையில், வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். இந்தத் தடவை நானும் ஓடினேன். அண்ணாந்து பார்த்து அழுதேன். பக்கத்தில் இன்ஜினீயரும் அழுதார். என் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். அங்கே கற்ற வேலையை வைத்துத்தான் ஊர் திரும்பிப் பட்டறை போட்டேன், இன்றைக்கு இந்த நிலைக்கு வந்தேன். அந்தக் கம்பெனி வெளியே அனுப்புகிற ஒவ்வொரு மாதிரியோடும் ‘இதில் உள்ள ஓட்டைகளை அடைக்கக் கூடாது’ என்று ஒரு சீட்டு வைக்கத் தொடங்கியதும் என்னால்தான். நாட்டுக்கு என் பங்கு.

இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு நான் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வேன். போன மாதம்கூடத் தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. கடைசிப் பேரன், “தாத்தா, ஏரோப்ளேன்ல நீ இன்னா செஞ்ச?” என்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் முந்திக்கொண்டாள்.

“அதுல எங்கெங்க ஒண்ணுமே இல்லையோ, அதெல்லாம் உங்க தாத்தா செஞ்சதுடா.”